தண்ணீர்க் கஸ்பார்

“இன்னங் கொஞ்சம் சாயுங்கம்மா... போதுங்க, போதுங்க.”

கஸ்பார் சீசாவின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக் குலுக்குகிறார். பிறகு அவ்வளவு தண்ணீரையும் தரையில் கொட்டிவிட்டுக் காலிச் சீசாவை மறுபடியும் நீட்டுகிறார்.

குடத்தைச் சாய்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்குக் கோபம் வருகிறது. “ஏப்பா, நான் என்ன செடிக்கா ஊத்தறேன்? எறைக்கறவளுக்கல்ல தெரியும் தோள் வலி!”

“இது சீசாவெக் கழுவறதுங்க. மூணு தடவெ கழுவோணும். நாலாவதுதானுங்க புடிக்கறது.”

“அதென்ன மூணு?”

“வாத்தியாரு சொன்னதுங்க. ரெண்டு பத்தாதான்னு நானுங் கேட்டுப் பாத்தேனுங்க. பத்தாதுன்னுட்டாரு.”

நான்காவது முறை பிடித்த தண்ணீரைக் கண்ணாடி மூடியால் அடைத்து, கழுத்தில் நூலைச் சுற்றி, தோளில் தொங்கும் மரப்பெட்டியின் ஓர் அறைக்குள் இறக்குகிறார். பெட்டியில் பன்னிரண்டு அறைகள். மண்ணெண்ணெய் டின் வந்த பெட்டியை அறுத்து அவரே செய்தது. தாதம்பாளையத்தில் முப்பத்தாறு கிணறுகள். திங்கட்கிழமை தோறும் மூன்று நடை. மழையானாலும் வெயிலானாலும் இந்தக் கணக்கு தப்பாது.

அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வேட்டிக்கு மேல் காக்கிக் கோட்டு. அது கல்லூரி கொடுத்தது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில், மாதா படம் தைத்த துணித்துண்டான உத்தரியம். அது மாதா கோயில் கொடுத்தது. விரல் நுனிகள் கறுத்துக் கிடக்கும். அந்தக் கறை சோதனைச்சாலை கொடுத்தது, எந்தச் சோப்புக்கும் போகாது. இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனாலும் சோதனைச்சாலை அலமாரியில் இருக்கும் நூற்றுச் சொச்சம் புட்டிகளையும் அவற்றின் குணத்தை வைத்தே அறிவார். கந்தக அமிலம் அவருக்குப் ‘பெரியவரு’. நைட்ரிக் அமிலம் ‘கோவக்காரரு’. அமோனியா ‘மூக்கெப் புடிக்கறவரு’. பையன்கள் புட்டியை மாற்றி வைத்துவிட்டால், “பெரியவரு பக்கத்துல கோவக்காரரெக் கொண்டாந்து உக்கார வெச்சது ஆருங்க?” என்று கேட்டுக்கொண்டே அவற்றைப் பிரித்து வைப்பார்.

எந்த ஊரின் பேரைச் சொன்னாலும் முதலில் அந்த ஊர்த் தண்ணீர்தான் அவர் நினைவுக்கு வரும். உறவுக்காரர் ஒருவர் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து, பெண்ணின் நிறம், நகை, குணம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு கஸ்பார் கேட்ட ஒரே கேள்வி: “அந்தூருத் தண்ணியில பருப்பு வேகுதுங்களா?”

கல்லூரியில் ஒரு கடைநிலை ஊழியர் ஊர்க் கிணறுகளையெல்லாம் சுற்றி வருவானேன் என்று கேட்பவர்களுக்கு, அந்தக் கல்லூரி வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

தாதம்பாளையம் சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையை விட்டு இரண்டு மைல் மேற்கே இருக்கிறது. பெரிய ஊர் என்று சொல்ல முடியாது. ஆனால் ரோஷமுள்ள ஊர். தங்கள் பிள்ளைகள் பட்டணத்து ஓட்டலில் சாப்பிட்டுப் படிப்பதா என்று யாரோ சந்தையில் கேட்க, அந்த வார்த்தை வளர்ந்து ஒரு கல்லூரியாக எழுந்துவிட்டது. அர்த்தநாரிக் கவுண்டர் வீட்டார் கரட்டு அடிவாரத்தில் எட்டு ஏக்கர் நிலம் எழுதி வைத்தார்கள். வண்டி வைத்திருந்தவர்கள் அறுப்பு முடிந்ததும் ஆளுக்குப் பத்து நடை கல் ஓட்டினார்கள். மாடில்லாதவர்கள் தலையில் சுமந்தார்கள். இரண்டே வகுப்புள்ள இன்டர்மீடியட் கல்லூரிதான்; சென்னைப் பல்கலைக்கழகத்தின் முத்திரை அதன் வாசலில் ஏறிய அன்று ஊரே மாவிலை கட்டியது.

கஸ்பார் அந்தக் கட்டிடத்துக்குக் கல் தூக்கிய ஆள். சோதனைச்சாலை மேசைக்குப் பலகைக் கல் பதித்தபோது, விரலால் தட்டிப் பார்த்து, “இது ஆட்டங் குடுக்குமுங்க, கண்ணாடிச் சாமானெல்லாம் ஒடையும்” என்றார். கொத்தனார் கேட்கவில்லை. முதல் வாரமே ஆறு சீசா உடைந்தது. பிரின்ஸ்பால் அவரைத் தேடிப் பிடித்து அந்த மேசைக்கே காவலாக வைத்துவிட்டார்.

ஐந்து வருஷம் போனது. கல்லூரிக்குள் போனவர்களில் பெரும்பாலோர் வெளியூர்ப் பிள்ளைகள். கரட்டுப் பக்கம் மணி அடிக்கும்போது ஊர் நிமிர்ந்து பார்க்கும், அவ்வளவுதான் தொடர்பு. சந்தையில் ஒருத்தர் சொன்னார்: “நாம கல்லு சொமந்தோம். அவுங்க நமக்கு என்னத்தெச் சொமந்தாங்க?” அந்த வருஷம் ஊரில் வாந்திபேதி வந்து முப்பது பேரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி இன்னும் கசப்பாகிவிட்டது.

பதில் சொல்ல வந்தவர் ரசாயன உபாத்தியாயர் தீர்த்தகிரி. தருமபுரிப் பக்கத்துக்காரர், அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. பஞ்சாயத்து போர்டுக்குப் போய், பிரசிடெண்டு அர்த்தநாரிக் கவுண்டர் முன்னால் நின்று சொன்னார்: “ஊர்க் கிணறு எல்லாத்தையும் வாரா வாரம் கல்லூரியில சோதிச்சுச் சொல்றோம். கெட்ட தண்ணியில போர்டு மருந்து போடட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து செய்வோம்.” கவுண்டருக்கு அது பிடித்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டுமே என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். கெட்ட தண்ணீர்க் கிணற்றுக் கல்லில் காவியால் ஒரு சிவப்பு வட்டம். நல்ல தண்ணீராக இருந்தால் சுண்ணாம்பால் ஒரு வெள்ளை வட்டம். சிவப்புப் போட்ட கிணற்றில் மாதம் இருமுறை போர்டு ஆள் வந்து மருந்து கரைத்து ஊற்றுவான்.

ஊரெங்கும் அலைந்து தண்ணீர் கொண்டுவரவும், வட்டம் போடவும் கஸ்பார்.

முதல் சிவப்பு வட்டம் எங்கே விழுந்தது தெரியுமா? கல்லூரிக் கிணற்றின் மேல்தான். பிரின்ஸ்பால் முகம் சுண்டிவிட்டது. தீர்த்தகிரி விட்டுக் கொடுக்கவில்லை. ஊர் கைகொட்டிச் சிரித்தது. சிரித்த கையோடு நம்பவும் தொடங்கியது. “தீர்த்தகிரி பாத்தாத்தான் தீர்த்தம்” என்று ஒரு சொலவடைகூடப் பிறந்தது.

கிறிஸ்தவரான வேதக்காரர் ஒருவர் தங்கள் கிணற்றுக் கயிற்றைத் தொடுவதைப் பல தெருக்களில் சகிக்க மாட்டார்கள். அதனால் பெண்கள் இறைத்து மேலிருந்து ஊற்ற, கஸ்பார் கீழே நின்று சீசாவில் ஏந்துவார். அதைப்பற்றி அவர் ஒருநாளும் குறைபட்டதில்லை. “எப்படி ஊத்துனா என்னுங்க, சீசாவுக்குள்ள வந்தாச் சரி” என்பார்.

கீழத்தெருவில் மட்டும் அது சரியாக நடக்கவில்லை. அங்கே ஆறு வீட்டுக்குப் பொதுவாக ஒரு கிணறு. அதன் அருகில் குடியிருந்தவள் குப்பாயி. புருஷன் இறந்து, இரண்டு ஏக்கர் மேட்டுக்காட்டைத் தானே உழுது பிழைத்தவள். கஸ்பார் காவிச் சட்டியோடு வந்து நின்ற அன்று அவள் கையில் களைக்கொத்து இருந்தது.

“எம் மாமனாரோட அப்பாரு தோண்டுன கெணறு இது. நாப்பதடி பாறை ஒடைச்சாங்க. இதுக்குப் பொட்டு வெக்க நீ ஆரு?”

“நானில்லீங்கம்மா, மருந்து சொல்லுதுங்க. கெணத்தெ ஒட்டியே எருக்குழி இருக்குதுங்களே, அந்தச் சாறு உள்ளார எறங்குதுங்க.”

“எருவுல வெளைஞ்சதெத்தான நீயுந் திங்கறே?”

கஸ்பார் வட்டத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினார். தெருக்காரர்கள் சிரித்துக்கொண்டே அந்தத் தண்ணீரையே குடித்தார்கள்.

ஆனால் குப்பாயிக்கு ஒரு மகள் இருந்தாள். வசந்தாமணி, பதினோரு வயது. திங்கட்கிழமை வந்தால் கஸ்பாரின் பெட்டிக்குப் பின்னாலேயே நடப்பாள். “சீசாவுக்குள்ள போனாத் தண்ணி பேசுமாங்க?” என்று ஒருநாள் கேட்டாள். அந்தக் கேள்வி அவரைத் தைத்துவிட்டது. தீர்த்தகிரியிடம் உத்தரவு கேட்டு, இரண்டு சோதனைக் குழாய்களையும் ஒரு சின்னப் புட்டியில் சோதனை மருந்தையும் எடுத்துக்கொண்டு குப்பாயி வீட்டு வாசலுக்கே வந்தார். ஒரு குழாயில் அவர்கள் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றில், கோயில் தேர் நிற்கும் தேர்முட்டிக் கிணற்றுத் தண்ணீர். அது வெள்ளை வட்டம் போட்ட கிணறு, அரை மைல் தூரம். இரண்டிலும் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டார். தேர்முட்டித் தண்ணீர் அப்படியே இருந்தது. கீழத்தெருத் தண்ணீர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கஷாயம் போலப் பழுப்பேறியது.

“அம்மா, பேசிருச்சு!” என்றாள் வசந்தாமணி.

குப்பாயி அந்தக் குழாயைக் கையில் வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். மறுநாள் காலையிலிருந்து தாயும் மகளும் குடத்தை எடுத்துக்கொண்டு அரை மைல் நடந்து தேர்முட்டிக் கிணற்றுக்குப் போக ஆரம்பித்தார்கள். கீழத்தெருவில் அப்படிப் போனவர்கள் அவர்கள் இருவர்தான். மற்றவர்கள் கேலி செய்தார்கள். குப்பாயி திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் கஸ்பாரைக் கண்டால் வசந்தாமணி இடுப்புக் குடத்தைத் தட்டிக் காட்டுவாள்: “வெள்ளெக் கெணத்துத் தண்ணிங்க!”

அதைக் கேட்கும் நாளில் கஸ்பார் வீட்டில் சோறு அதிகம் செலவாகும் என்று அவர் மனைவி வேளாங்கண்ணி சொல்வதுண்டு.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. முப்பத்து நாலாம் வருஷம் மார்ச்சு முடிவில், விடுமுறைக்கு முந்திய கடைசித் தண்ணீர்ச் சோதனை நடந்தது. தேர்முட்டித் தண்ணீர் தெளிவு. கஸ்பார் புதுச் சுண்ணாம்பு குழைத்து வட்டத்தைப் பளிச்சென்று போட்டார். கல்லூரிக்குக் கோடை விடுமுறை விட்டார்கள். தீர்த்தகிரி சொந்த ஊருக்குப் போனார். சோதனைச்சாலையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பிரின்ஸ்பால் பட்டணம் போனார். எல்லா வருஷமும் நடப்பதுதான். யாருக்கும் அதில் தவறு தோன்றவில்லை. விடுமுறையில் கல்லூரிக்குக் காவல் இருப்பது கஸ்பார் வேலை.

சித்திரையில் தேர் வந்தது. தேரோடு மாட்டுச் சந்தையும் வந்தது. பத்து நாள் வெளியூர்க் கூட்டம் தேர்முட்டியைச் சுற்றியே தங்கிச் சமைத்து, குளித்து, துவைத்து, எழுந்து போனது. கூட்டம் கலைந்த நான்காம் நாள் கோடை மழை கொட்டியது. அடுத்து வந்த திங்கட்கிழமையன்று கஸ்பாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்பார் யாரும் இல்லாவிட்டாலும் ஒரு சீசாவை எடுத்துக்கொண்டு தேர்முட்டிக்குப் போனார். மூன்று முறை கழுவினார். நான்காவது பிடித்து மோந்து பார்த்தார். ஈரத் துணியை நாலு நாள் மூட்டை கட்டி வைத்த வாடை, இலேசாக.

சீசாவோடு கல்லூரிக்கு ஓடினார். சோதனைச்சாலை சன்னல் கம்பிக்குள்ளே மருந்துப் புட்டி தெரிந்தது. ஆறடி தூரம். கதவில் பூட்டு. சிறிது நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, அங்கிருந்து அர்த்தநாரிக் கவுண்டர் வீட்டுக்குப் போனார்.

“என்றா கஸ்பாரு, லீவுலயுஞ் சீசாவா?”

“தேர்முட்டித் தண்ணியில ஒரு வாடை இருக்குதுங்க. வெள்ளெய அழிச்சர்றேனுங்க.”

கவுண்டர் யோசித்தார். கெட்ட மனிதர் அல்ல. “வாத்தியாரு மருந்து போட்டுப் பாத்து வெச்ச வெள்ளெய நீ மூந்து பாத்து அழிப்பியா? நாளைக்கி இன்னொருத்தன் மூந்து பாத்துச் சேப்பெ அழிப்பான். பொறவு இந்த வட்டத்துக்கெல்லாம் என்ன மருவாதை? நான் வாத்தியாருக்குக் கார்டு போடறேன். வந்து பாக்கட்டும்.”

கவுண்டர் சொன்னபடியே அன்றைக்கே கார்டு போட்டார்.

கஸ்பார் திரும்பி வரும் வழியில் மறுபடியும் தேர்முட்டியில் நின்றார். கையில் ஈரத் துணி இருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் வட்டம் போய்விடும். பெண்கள் இறைத்துக்கொண்டிருந்தார்கள். கவுண்டர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. சீசா கழுவுகிறவனுக்கு, பார்த்துச் சொல்லும் அதிகாரம் எங்கிருந்து வரும்? அப்போது வசந்தாமணி குடத்தை நிறைத்துக்கொண்டு திரும்பினாள்.

“இன்னைக்கு லீவு இல்லீங்களா?”

“லீவுதான் அம்மிணி. தண்ணியெக் காச்சிக் குடிங்க, என்ன?”

அவள் சிரித்தாள். “வெள்ளெக் கெணத்துத் தண்ணியெயுமாங்க?”

கஸ்பார் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் வசந்தாமணிக்கு வாந்திபேதி கண்டது. வெள்ளி விடியும்போது உயிர் போயிற்று. அன்று சாயங்காலம் தீர்த்தகிரி பஸ்ஸை விட்டு இறங்கி, பூட்டை உடைத்துச் சோதனைச்சாலைக்குள் போனார். தேர்முட்டித் தண்ணீரில் மருந்து விழுந்ததும் அது கஷாயமாகியது. அதற்குள் நாலு பேர் செத்திருந்தார்கள். ஓய்வதற்குள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் வெள்ளை வட்டத்தை நம்பித் தேர்முட்டியில் குடித்தவர்கள்.

கீழத்தெருவில் கேலி பேசிக்கொண்டு சிவப்புக் கிணற்றில் குடித்தவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. சிவப்புக் கிணறு ஆகையால் போர்டு ஆள் கோடையிலும் தவறாமல் மருந்து ஊற்றியிருந்தான். வெள்ளைக் கிணற்றுக்கு மருந்து ஊற்றும்படி அவனுக்கு உத்தரவு கிடையாது.

வசந்தாமணி போன ஒன்பதாம் நாள் கஸ்பார் கீழத்தெருவுக்குப் போனார். களைக்கொத்தால் வெட்டினாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போனார். குப்பாயி வெளியே வந்து அவரைப் பார்த்தாள். குரல் உயரவில்லை. வழி கேட்பவள் போலக் கேட்டாள்:

“நீ வெள்ளெ போட்டிருந்தயே, கஸ்பாரு?”

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நாலு வருஷம் அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனியில் கல்லூரி திறந்ததும் கல்லூரியும் போர்டும் ஒன்றாகக் கூட்டம் போட்டார்கள். ஊர் கொதித்தது. இந்த ஏற்பாடே வேண்டாம் என்றவர்கள் உண்டு. கவுண்டர் எழுந்து, “கார்டு போட்டவன் நான். வண்டி கட்டி ஆளனுப்பியிருக்கோணும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு எவரும் சண்டை போடவில்லை. கோடையிலும் சோதனை நிற்கக் கூடாது, சாவி கஸ்பாரிடமே இருக்க வேண்டும், வெள்ளை வட்டத்துக்கு ஒரு வாரம்தான் ஆயுசு, எல்லாக் கிணற்றுக்கும் மருந்து உண்டு என்று தீர்மானம் ஆயிற்று. தீர்த்தகிரி கஸ்பாரை உட்கார வைத்துச் சோதனையைச் செய்யப் பழக்கினார்.

பழக்கும்போது ஒருநாள் சொன்னார்: “தப்பு உங்களோடது இல்ல, கஸ்பார். வெள்ளைக்கு நான் கெடு வச்சிருக்கணும்.”

“நீங்க மூந்து பாக்கலீங்களே” என்றார் கஸ்பார். “நான் மூந்து பாத்தேனுங்க.”

அதிலிருந்து அவரிடம் ஒரு புது வழக்கம் தொற்றிக்கொண்டது. ஒரு கிணறு சிவப்பிலிருந்து வெள்ளைக்கு மாறுகிறது என்று சோதனை சொல்லிவிட்டால், அவர் உடனே சுண்ணாம்புச் சட்டியைத் தூக்குவதில்லை. திங்கள் முதல் வியாழன் வரை நாலு நாளும் அந்தக் கிணற்றுத் தண்ணீரை மட்டுமே குடிப்பார். காலையில் ஒரு சின்னக் குடத்தில் வாங்கிவந்து தலைமாட்டில் வைத்துக்கொள்வார். வேளாங்கண்ணி அதைத் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை உடம்பு நன்றாக இருந்தால்தான் கிணற்றுக் கல்லில் வெள்ளை.

“இது சயன்ஸ் இல்ல, கஸ்பார். ஒருத்தர் குடிச்சுப் பொழைச்சா ஊரே பொழைக்கும்னு அர்த்தம் இல்ல” என்று தீர்த்தகிரி எடுத்துச் சொன்னார்.

“ஆமாங்க. அது ஊருக்கில்லீங்க. எனக்குங்க.”

வேளாங்கண்ணி நயமாகப் பேசுகிறவள் அல்ல. “நீ போய்ச் சேந்துட்டா அந்த வெள்ளெய ஆரு போடுவா? மாதாவா வந்து போடுவா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அந்த நாலு நாளும் பயத்தோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தீர்த்தகிரி பிறகு வேறு கல்லூரிக்கு மாறிப் போனார். அடுத்து வந்த உபாத்தியாயர் இதைக் கேட்டுச் சிரித்தார். கஸ்பாரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

குப்பாயி தன் பழைய கிணற்றுக்கே திரும்பிவிட்டிருந்தாள். மகள் போன இரண்டாம் மாதம் ஒருநாள் காலையில், கிணற்றை ஒட்டிய எருக்குழியை அவள் தனியாளாக வெட்டிக் கூடை கூடையாகக் காட்டுக்குச் சுமந்ததைத் தெரு பார்த்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று நாளில் குழி காலி. அதில் கரட்டுச் சரளையைக் கொட்டி மூடினாள்.

திங்கட்கிழமைகளில் கஸ்பார் வந்தால் தெருவில் வேறு யாராவது இறைத்து ஊற்றுவார்கள். குப்பாயி வாசலில் நின்று பார்ப்பாள். சோதனைக் குழாயில் நிறம் இறங்கிக்கொண்டே வந்தது. முதல் வருஷம் கஷாயம். அடுத்த வருஷம் மஞ்சள் கரைத்த தண்ணீர். பிறகு எலுமிச்சைத் தோல் நிறம். அவள் கேட்காவிட்டாலும் கஸ்பார் ஒவ்வொரு மாதமும் காற்றோடு பேசுவதுபோல் சொல்லிவிட்டுப் போவார்: “கொறைஞ்சிருக்குதுங்க. இன்னம் போகோணுங்க.”

இந்த ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, மருந்து விட்டும் தண்ணீர் நிறம் மாறவில்லை. கஸ்பார் நம்பவில்லை. மூன்று முறை செய்து பார்த்தார். அன்று மாலையே சின்னக் குடத்தோடு கீழத்தெருவுக்குப் போய்க் கிணற்றடியில் நின்றார். யாரும் இல்லை. சற்று நேரம் கழித்துக் குப்பாயியே வந்தாள். கயிற்றை விட்டு இறைத்தாள். அவர் குடத்தில் ஊற்றி நிரப்பினாள். கஸ்பார் கை குவித்தார்; குவித்த கையிலும் ஊற்றினாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை காலையும் அப்படியே. புதன் காலையும் அப்படியே.

வியாழக்கிழமை காலை கஸ்பார் வரவில்லை.

குப்பாயி நிறைத்த குடத்தோடு கிணற்றடியில் காத்திருந்ததாகத் தெருக்காரர்கள் சொல்கிறார்கள். வெயில் ஏறியது. காட்டுக்குப் போகவில்லை. மத்தியானம் தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு மாதா கோயில் தெருவை நோக்கி நடந்தாள். அந்தத் தெருவுக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. எந்த வீடு என்று இரண்டு இடத்தில் கேட்க வேண்டியிருந்தது.

வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த வேளாங்கண்ணி அவளைக் கண்டதும் எழுந்து ஒதுங்கி நின்றாள். உள்ளே கஸ்பார் கோரைப்பாயில் படுத்திருந்தார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது.

குப்பாயி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது.

“வவுறா?”

“இல்லீங்கம்மா, இல்லீங்க.” கஸ்பார் பதறி எழுந்து உட்கார்ந்தார். “முள்ளுங்க. நேத்துக் கரட்டு வழியில ஏறிருச்சு. காலு வீங்கிப்போச்சுங்க. வவுத்துக்கு ஒண்ணுமில்லீங்க. காத்தால ரெண்டு வட்டல் கஞ்சி குடிச்சேனுங்க. அவளெக் கேளுங்க.”

குப்பாயி நம்பாதவள்போல அவர் காலைப் பார்த்தாள். துணிச்சுற்றுக்கு மேலே கணுக்கால் பளபளவென்று வீங்கியிருந்தது. பிறகு தலைமாட்டுக் குடத்தைப் பார்த்தாள். அவள் இறைத்து ஊற்றிய தண்ணீர், முக்கால்வாசி தீர்ந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் சுண்ணாம்புச் சட்டியும் நார்மட்டையும் இருந்தன. நேராகப் போய்ச் சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“நீ படுத்திரு. நானே போட்டர்றேன்.”

“நாளைக்கிங்கம்மா” என்றார் கஸ்பார். “இன்னம் ஒருநாள் இருக்குதுங்க.”

குப்பாயி சட்டியை இடுப்பில் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதை எடுத்த இடத்திலேயே இறக்கி வைத்தாள். அதன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.